நாற்பத்தொன்றாம் முளைக்குச்சி

எங்கள் சர்வேயர் அண்ணனைப் போல அளவில் கறாரான மனிதரை நான் பார்த்ததில்லை. பழைய நகரத்தின் அடியில் மெட்ரோ பாதையை நீட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, சந்துபொந்துகளில் எல்லாம் சுவருக்குச் சுவர் ஆணி அடித்துவைத்து, எந்த வீடு மயிரிழை இறங்கினாலும் சொல்லிவிடுவார். டீக்கடை மேசை ஆடினால்கூட, காகிதத்தை மடித்து அதன் காலுக்குக் கொடுத்த பிறகுதான் குடிப்பார். "வீட்ல அண்ணியையும் இப்படித்தான் அளந்துட்டிருப்பீங்களா?" என்று கேட்டால் மீசைக்குள்ளேயே சிரிப்பார்.

புதிய நிலையம் வரும் இடத்தில் பழைய இடுகாட்டின் ஒரு மூலை சிக்கியது. இருநூறு வருடமாகப் புதைத்துவந்த இடம். ஒவ்வொரு குழிக்கும் அண்ணன் முளைக்குச்சி அடித்து எண் போட்டார். உறவினரை வைத்துக்கொண்டு திறந்து, எலும்புகளை எடுத்து, ஊருக்கு வெளியே மறுபடி அடக்கம் செய்ய வேண்டும். அந்த உறவினரைத் தேடிப்பிடித்துப் படிவம் நிரப்புவது என் வேலை. யாரும் கிடைக்காவிட்டால் எலும்புகள் பெட்டியில் எங்கள் தகர ஷெட்டிலேயே காத்திருக்கும்.

நாற்பத்தொன்றாம் குச்சியை மட்டும் அண்ணன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். மற்றதெல்லாம் முடிந்த பிறகு தகர ஷெட்டுக்குள் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அது எங்க குழந்தை."

பத்தொன்பது வருடத்துக்கு முன் இறந்தே பிறந்த குழந்தை. அண்ணி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கொட்டும் மழையில் அண்ணன் துணிப்பொட்டலத்தோடு வந்தபோது, குழி வெட்டுகிறவர் வாசலிலேயே கைநீட்டி வாங்கிக்கொண்டு, "நான் பாத்துக்கறேன், நீங்க உயிரோட இருக்கறவங்களப் போய்ப் பாருங்க" என்றாராம். இவர் ஓடிவிட்டார். மறுபடி வந்தபோது அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார். மூன்று மாதம் கழித்து அண்ணி எழுந்து நடமாடி, "எங்க?" என்று கேட்க, இவர் மதிலோரம் ஒரு மரத்தடியைக் காட்டிவிட்டார். அன்று முதல் அண்ணி அங்கே கூழாங்கல்லை வட்டமாக அடுக்கி, மாதாமாதம் போய் உட்கார்ந்து வீட்டு விஷயமெல்லாம் பேசிவிட்டு வருகிறார்.

"திறந்தா ஒண்ணும் இருக்காது. அவ வர்றதுக்கு முந்தியே ஒரு பெட்டியில கொஞ்சம் மண்ணப் போட்டு மூடிடலாம். நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பத்தொன்பது வருஷம் பத்தாதாண்ணே? நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்வேன்." சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவமாக இருந்தது.

மறுநாள் காலை அண்ணி ஒரு வெள்ளைத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மரத்தடியில் வைத்து அண்ணன் ஒன்று விடாமல் சொன்னார், மழையையும் வாசலையும் சேர்த்து. அண்ணி அழவில்லை. "தோண்டச் சொல்லுங்க" என்றார். இடுப்பளவு ஆழம் போயும் வேர்தான் வந்தது.

"இத்தன வருஷமா வேர்கிட்டயா பேசிட்டிருந்தேன்?"

அண்ணன் குனிந்து, சிதறிக் கிடந்த கூழாங்கற்களை ஒன்றுசேர்த்தார்.

"அப்போ எங்க?"

"தெரியல. இந்த மதிலுக்குள்ளதான் எங்கயோ." மயிரிழைக்குக் கணக்குச் சொன்ன வாய் அது.

அண்ணி அவரைத் தாண்டி என்னிடம் வந்தார். "இங்க எடுத்ததுல யாரும் கேட்டு வராத சின்னக் குழந்தைங்க உண்டா?"

"ஷெட்ல ஆறு பெட்டி இருக்கு அண்ணி. எது எந்தக் காலத்துதுன்னே தெரியாது. உங்களோடது அதுல இல்லாமயும் போகலாம்."

"இருக்கட்டும். ஆறு ஃபாரம் எடுங்க."

எழுத உட்கார்ந்தேன். பெயர் இல்லை, தேதி இல்லை. உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது. விதிப்படி நான் மறுத்திருக்க வேண்டும்.

"அம்மான்னு போடுங்க."

ஆறு தடவை போட்டேன். அண்ணன் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். அண்ணி முதல் பெட்டியைத் துண்டில் சுற்றி, அவர் கையில் வைத்தார்.

"நீங்க தூக்கிட்டு வாங்க. இந்தத் தடவ வாசல்ல யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."