டெலிபோன் எந்த ஊர்ப் பிள்ளை?

போன மாதம் எங்கள் டிராம்பே ஆபீசில் ஓர் இன்டர்வியூ. வேலை – டெலிபோன் ஆபரேட்டர். கேள்வி கேட்டவர் சாவந்த் சாகேப். பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போட்டவன் அடியேன். (பத்தி எழுதி மட்டும் பம்பாயில் வயிறு வளர்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!)

சாவந்த் நல்ல மனிதர். ஆனால் பொது அறிவுப் பைத்தியம். பியூன் வேலைக்கு வந்தவனிடம்கூட உலகத்திலேயே நீளமான நதி எது என்று கேட்பார். தண்ணீர் கொண்டுவந்து வைப்பதற்கும் நீள நதிக்கும் என்ன சம்பந்தமோ... நான் கேட்டதில்லை.

அன்றைக்கு முருகேசன் என்ற பையன் வந்தான். தாராவி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தமிழ், ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் நான்கும் தண்ணீர் பட்ட பாடு. குரலோ கணீர். ஆபரேட்டருக்கு வேறு என்ன வேண்டும்?

"டெலிபோன் பிறந்த ஊர் எது?" என்றார் சாவந்த்.

"இரண்டு ஊர் சொல்கிறார்கள் சார். கண்டுபிடித்தவரின் அப்பா அம்மா வீடு கனடாவில். லீவுக்குப் போனபோது அங்கேதான் யோசனை வந்தது. கருவி முதன்முதலாகப் பேசியது பாஸ்டனில். இரண்டு ஊரும் 'எங்கள் பிள்ளை' என்கின்றன."

"எது சரி?"

"இரண்டும்தான் சார்."

சாவந்துக்கு ஒரே குஷி. மேஜையைத் தட்டி 'சாபாஷ்' என்றார். நான் முழு மார்க் போட்டேன். சும்மா இருந்திருக்கலாம் மனிதர். கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீ பிறந்த ஊர்?"

"திருநெல்வேலி ஜில்லா. நாங்குநேரி பக்கம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. பேனாவை மூடினார். "உள்ளூரில் பிறந்தவர்களுக்குத்தான் முதலிடம் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். நீ உன் ஊர்ப் பக்கம் முயற்சி செய்து பாரேன்..."

மண்ணின் மைந்தருக்கே வேலை என்று ஊரில் இப்போது அடிக்கிற காற்று அப்படி. பேப்பர் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? "கைக்குழந்தையாக வந்தவன் சார்" என்றான் பையன். நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சாவந்த் கையமர்த்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் வாட்ச்மேன் வந்து, யாரோ ஒரு மதராசி அம்மாள் கேட்டில் நின்று சத்தம் போடுவதாகச் சொன்னான். ஓடினேன். முருகேசனின் தாயார், பேச்சியம்மாள். தாராவியில் தோல் பைப் பட்டறையில் வேலை. பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"தப்பு எம்பேர்லதான் அண்ணாச்சி," என்றார். "தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு எங்கம்ம ஒத்தக் கால்ல நின்னா. வயித்துப் புள்ளயோட ரயிலேறிப் போனேன். புள்ளய மடியில போட்டுத் திரும்பி வந்தேன். இளையவ இங்கன சயன் ஆஸ்பத்திரில பொறந்தா. ரெண்டும் ஒரே சட்டியில சோறு திங்குதுவ... அவ பம்பாய்க்காரி, இவன் அசலூரானா? நாங்குநேரிக்குப் போனா அங்கன உள்ளவுக இவன 'பம்பாய்க்காரன்'னுதான கூப்பிடுதாவ!"

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் ரயிலேறாம இருந்திருந்தா இன்னிக்கு எம்புள்ளைக்கு வேல கெடச்சிருக்கும்லா?"

சொல்லிவிட்டு அழுதார்.

அந்த நேரம் பார்த்து சாப்பாடு முடிந்து சாவந்த் வந்துகொண்டிருந்தார். "இவுகதானா?" என்று கேட்ட பேச்சியம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே போய் வழியை மறித்து நின்றார்.

"சாப், ஆப்கா மா பைலா பச்சா கே வாஸ்தே மாஹேர் நை கயா க்யா?"

மாஹேர் என்றால் மராத்தியில் தாய் வீடு. முதல் பிள்ளைக்கு உங்கள் அம்மா தாய் வீடு போகவில்லையா என்கிறார்! அந்த வழக்கம் அவர்களிடமும் உண்டு. மராத்திப் பெண்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

சாவந்த் அப்படியே நின்றார். கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தூர்," என்றார் மெதுவாக. "என் அம்மாவின் ஊர். அங்கேதான் பிறந்தேன்..."

இந்தூர் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது என்பதை அவருடைய பொது அறிவுக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை.

"நான் மூத்த பிள்ளை என்று இந்த அம்மாளுக்கு யார் சொன்னது?" என்று என்னைக் கேட்டார்.

"இம்புட்டு அதிகாரம் பண்ணுதவுக மூத்ததாத்தான் இருப்பாவ," என்றார் பேச்சியம்மாள் தமிழில். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே!

சாயங்காலம் சாவந்த் கூப்பிட்டனுப்பினார். "அந்தப் பையனுக்கு எவ்வளவு மார்க் போட்டீர்கள்?" என்றார். சொன்னேன். "மேலே நான் பேசிக்கொள்கிறேன்." எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று இரவு மாடுங்காவில் எங்கள் கட்டடத்தில் சும்மா விசாரித்துப் பார்த்தேன். எந்த வீட்டிலும் மூத்தது பம்பாயில் பிறக்கவில்லை. கும்பகோணம், பாலக்காடு, கல்யாண்... அம்மாவின் ஊர் எதுவோ அது. மூத்த பிள்ளைகளை எல்லாம் மூட்டை கட்டி அனுப்புவதென்றால் விக்டோரியா டெர்மினஸ் தாங்குமா?

இந்தத் திங்கட்கிழமை முருகேசன் வேலையில் சேர்ந்தான். போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டியதும் முதல் டிரங்க் கால். லைனில் ஒரே இரைச்சல். அந்தப் பக்கம் யாரோ மெட்ராஸ்காரர், "எங்கேருந்து பேசறீங்க?" என்று கத்துவது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"பம்பாயிலேருந்து சார்!" என்றான் முருகேசன், கணீரென்று.

டெலிபோனுக்கு அது போதுமாக இருந்தது.