அரைநிலா முத்திரைக் கோடாலி

அந்தக் கோடையில் ஆர்டித் பெல்க்கி ஒரு சனிக்கிழமைகூட வீட்டில் தங்கியது கிடையாது. காலை ஆறரைக்கே என் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரனை அலறவிடுவாள். நான் பக்கத்து வீட்டுக்காரன், தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவன், பெண்டாட்டியும் இல்லாதவன். இப்படிப்பட்டவனை எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம் என்பது அவள் கட்சி.

"யோவ் மெர்ல், ஏறுய்யா சீக்கிரம். நல்லதையெல்லாம் ஏழு மணிக்குள்ள அள்ளிட்டுப் போயிடுவானுங்க."

"காபி குடிச்சிட்டு வரேனே."

"வண்டியில குடி. சிந்தினா நீதான் துடைக்கணும்."

அவளுக்கு வயது அறுபத்துமூன்று. முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தே அடக்கிவிடுவாள். லீவு விட்டால் அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்த வருடம் அவளை அலைக்கழித்தது வேறு. அவளுடைய அண்ணன் லின்வுட் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

தப்பு அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. மே மாதம் லின்வுட் இடுப்பு அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் திரும்புவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்து அசத்திவிடலாம் என்று இவள் அவன் கொட்டகையைக் காலி செய்தாள். புல்தரையில் மேசை போட்டு எல்லாவற்றையும் பரப்பி விற்றும் விட்டாள். பனி உருகியதும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற யார்டு சேல்தான் இது. ஆனால் அவரவர் சாமானைத்தான் அவரவர் விற்பார்கள். வாளி நிறையத் துருப்பிடித்த கருவிகள் இருந்தன. யாரோ வெளியூர் ஆள் அதை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போனான்.

லின்வுட் ஊன்றுகோலோடு வந்து கொட்டகைக் கதவைத் திறந்தபோது நானும் அங்கே நின்றேன்.

"அரைநிலா முத்திரை போட்ட என் கோடாலி எங்கடி?"

"வித்துட்டேன்ணே. துருப்பிடிச்சுக் கெடந்துச்சு..."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமைதோறும் கொண்டுபோய் வைக்கிற பீன்ஸ் சட்டியை எடுத்துக்கொள்வான், கழுவிய சட்டியைப் படியில் திருப்பி வைப்பான், வாய் மட்டும் திறக்கமாட்டான். அவர்களுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. "இப்படியே பேசாமலே செத்துப்போயிடுவானோய்யா" என்று ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அவன்மேல் கோபமாக வந்தது. ஒரு கோடாலிக்காக ஒரு மனுஷன் இவ்வளவு முறுக்கிக்கொள்வானா?

கோடாலியைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாதவள், அதைத் தேடி யார்டு சேல் யார்டு சேலாக அலைந்த அந்த மூன்று மாதத்தில் கற்றதைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்கட்டி இருக்கும். துருவின் மேல் அதைத் தேய்த்து, விரலால் துடைத்து, வெயிலுக்குச் சாய்த்துப் பார்ப்பாள். முத்திரையின் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கி நிற்கும். கோடாலித் தலையைத் தொங்கவிட்டு நாணயத்தால் தட்டுவாள். கணீரென்றால் நல்ல இரும்பு, சொத்தென்றால் எங்கோ விரிசல். பின்மண்டை நசுங்கிப் பூத்திருந்தால், "எவனோ சம்மட்டியா அடிச்சிருக்கான், பாவி" என்பாள். பளபளவென்று சிவப்புச் சாயம் பூசியிருந்தால் தொடவே மாட்டாள். காம்பை அவள் மதித்ததே இல்லை. மரம் உளுத்துப்போகும், உடையும், மாற்றலாம், தலைதான் கோடாலி. இந்தக் கோடாலிப் பைத்தியம் பிடித்த எல்லோரும் சொல்வது இதைத்தான்.

எத்தனை ஊர், எத்தனை புல்தரை! கைக்கோடாலி, கூரை வேய்கிறவனின் சின்னக் கோடாலி, இருபக்கமும் கூர் உள்ளது என்று அவள் வண்டியின் பின்பக்கம் நிரம்பியது. அரைநிலா மட்டும் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் இறங்கிய ஐந்தாவது நிமிடமே அடுத்த இடத்தின் விலாசத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சாப்பாடுகூட நின்றபடிதான்.

ஆகஸ்ட் கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. துணி மேசைக்கு அடியில் ஒரு வாளி, அதற்குள் ஒரு கோடாலி. மழையில் கிடந்ததுபோல் தலையில் துரு மரப்பட்டை மாதிரி தடித்திருந்தது. காம்பு முழுக்கக் கறுப்பு ஒட்டுநாடா, மேலும் கீழும் கன்னாபின்னாவென்று சுற்றியிருந்தது.

"எந்த மடையன்யா இதைச் சுத்தினான்?" என்று சிரித்தாள். சாக்கட்டி தேய்த்தாள், துரு கனத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நாணயத்தால் தட்டினாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கிழவர்கூட நிமிர்ந்து பார்த்தார், அப்படி ஒரு நாதம். பேரம் பேசாமல் வாங்கினாள்.

மத்தியானமே வேலை தொடங்கிவிட்டது. தலைக்குக் கீழே ஒட்டக் காம்பை அறுத்து, துளைக்குள் மிஞ்சிய கட்டையைத் துளைபோட்டு வெளியே தட்டுவதுதான் வழக்கம். அவள் வாள் பிடித்தாள், காம்பைப் பிடித்துக்கொண்டது நான்தான். ஒட்டுநாடாவுக்கு அடியில் எங்கோ மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்பட்டது.

"காம்பு கோணலா இருக்கு, ஆர்டித்து."

"போட்டுத் தொலை."

நாடாவைக் கத்தியால் கிழித்து எறிந்துவிட்டுக் கட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொல்லை நெருப்பில் போட்டேன். உலர்ந்த மரம், நன்றாகவே எரிந்தது. அந்தத் தணலில் ஆளுக்கு இரண்டு ஹாட் டாக் சுட்டுத் தின்றோம்.

மறுநாள் காலை வினிகர் வாளியிலிருந்து தலையை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். திடீரென்று ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் அரைநிலா. அதன் இரண்டு முனையும் தெளிவாக இருந்தன. ஆர்டித் தரையில் உட்கார்ந்து ஒரே சமயத்தில் சிரிக்கவும் திட்டவும் செய்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, பொய் சொல்வானேன்.

அப்படியே வண்டியில் ஏறினோம். லின்வுட் சமையலறையில் இருந்தான். அவள் கோடாலித் தலையைத் துணியிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தாள். அவன் அதைத் தூக்கிப் புரட்டினான். துளை வழியாகச் சன்னலைப் பார்த்தான்.

"காம்பு எங்க?"

மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"காம்பா? அறுத்துட்டேன். வாங்கினவன் அசிங்கமா டேப்பு சுத்தி..."

"எங்கடி?"

"எரிச்சாச்சுண்ணே."

அவன் வலது கையை மேசைமேல் வைத்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியோடு இல்லை. மர ஆலை வாள் கொண்டுபோய் இருபது வருடம் ஆகிறது. விறகு பிளக்கும்போது அவன் யாரையும் பக்கத்தில் விடமாட்டான், அந்தக் கையை யாரும் பார்ப்பது பிடிக்காது. அதனால் அந்தக் காம்பை நாங்கள் யாரும் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"இந்தக் கைக்குன்னு செதுக்கினது அது. செதுக்கவே ரெண்டு குளிர்காலம் ஆச்சு. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம். இல்லாத விரலுக்கு ஒரு மேடு, வழுக்காம இருக்க. வேற எந்தக் காம்பும் என் கையில நிக்காது." தலையை அவள் பக்கம் தள்ளினான். "இதை நான் ரெண்டு டாலருக்கு யார்டு சேல்ல வாங்கினேன். இதுக்கு முந்தி வேற ரெண்டு தலை மாத்திட்டேன். தலையை யாருடி கேட்டா?"

"நீதான் அரைநிலான்னு..."

"அடையாளம் சொன்னேன்! நீ கண்ணால பார்த்த ஒரே விஷயம் அதுவாத்தானே இருக்கும்!" பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயுமாடா கூட நின்ன?"

நான்தான் பிடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். எங்காவது ஓடிப்போய்விடலாம் போல் அவமானமாக இருந்தது.

ஆர்டித் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, புருஷன் சாவுக்குக்கூடப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நின்றவள். லின்வுட் கோடாலித் தலையை மறுபடி துணியில் சுற்றினான்.

"இந்தத் தலையை வச்சு நான் என்ன செய்ய? எடுத்துட்டுப் போ."

"எனக்கும் வேணாம்."

"அப்ப எதுக்கு ஊர் ஊரா அலைஞ்ச?"

"நீ பேசுவேன்னு."

"பேசிட்டுத்தானே இருக்கேன்," என்றான் எரிச்சலாக. "போ, போய் மூஞ்சியைக் கழுவு."

வண்டியில் திரும்பினோம். கோடாலித் தலை எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கையில் கிடந்தது. சாலை முனையில் யாரோ யார்டு சேல் என்று அட்டையில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள், பக்கத்திலேயே நாலு மேசை, ஒரு பழைய சைக்கிள். அதைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினாள். அரை மைல் போயிருப்போம். சடாரென்று பிரேக்கைப் போட்டாள். என் தலை முன்கண்ணாடியில் இடித்தது.

"என்னடி ஆச்சு?"

"அண்ணன் கையோட அளவை எடுக்காம வந்துட்டேனேய்யா," என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள்.