மட்காட் இல்லாத கார்

கார் திருத்துறது லேசான வேலை. நல்லாயிருக்கிற காரை வெட்டித் தாங்கோ எண்டு வாறவையைச் சமாளிக்கிறதுதான் கரைச்சல். லண்டன் குளிரில காருக்குக் கீழ மல்லாக்கப் படுத்து, ஒழுகிற ஒயிலை முகத்தில வாங்கின ஆக்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில, இல்ஃபோர்ட் பக்கம் ரயில் பாலத்துக்குக் கீழ இருந்த ஒரு கராஜில எனக்கு வேலை கிடைச்சது. முதலாளி டெரிக், வெள்ளைக்காரர். "மூண்டு மாசம் பாப்பன், சரிவந்தால் வைச்சிருப்பன்" எண்டிட்டார். சரிவராட்டி நான் திரும்பவும் பெற்றோல் ஷெட்டில கல்லாவுக்குப் பின்னால நிக்கவேணும். யாழ்ப்பாணத்தில பதினைஞ்சு வருசம் ஸ்பானர் பிடிச்ச கைக்கு அது எவ்வளவு அந்தரம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.

கெட்டித்தனம் காட்டினது

முதல் வேலையே ஒரு கிழட்டுக் கார். முப்பதுகளில அமெரிக்காவில செய்த ரெண்டு கதவுக் கூப்பே. முன்னுக்கு ரெண்டு பேர் இருக்கலாம். பின்னுக்கு டிக்கியைத் திறந்தால் அதுக்குள்ள ஒரு சீற். வெறும் துருப்பிடிச்ச கூடாத்தான் வந்தது. சில்லை மூடுற நாலு மட்காட்டும் கழண்டு மூலையில கிடந்தது. ஒரு சனிக்கிழமை டெரிக் இல்லை. நான் ஆரெண்டு மனுசனுக்குக் காட்டுவம் எண்டு நாலையும் தட்டி நிமித்தி, தேய்ச்சு, பெயின்ற் அடிச்சு, காரில பூட்டியும் விட்டன்.

திங்கட்கிழமை டெரிக் காரை ரெண்டு தரம் சுத்தினார். பிறகுதான் சொன்னார், இது ஹொட் ரொட்டாம். அந்தக் காலத்து அமெரிக்கப் பொடியள் பழைய காரில மட்காட் உட்படப் பாரமான சாமானையெல்லாம் கழட்டி எறிஞ்சு, கூரையை வெட்டிப் பதிச்சு, பெரிய எஞ்சின் பூட்டிப் பறந்தவையாம். அதே மாதிரித்தான் இதுவும் வரவேணுமாம். எனக்கெண்டால் வெக்கம் பிடுங்கித் தின்னுது. டெரிக் என்ர முதுகில தட்டினார்: "ரவி, இவ்வளவு வடிவான மட்காட்டை நான் கண்டதேயில்லை. இப்ப கழட்டு."

நாலு இஞ்சி

காரின்ர சொந்தக்காரர் ரொன், பஸ் ஓடி இளைப்பாறினவர். ஆறடிக்கு மேல உயரம். மகளை இந்தக் காரிலதான் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவன் எண்டு ஒற்றைக்காலில நிண்டார். கூரையின்ர உயரத்தில நாலு இஞ்சி குறைக்கச் சொன்னதும் அவர்தான். நல்ல தகட்டில வாள் வைக்க எனக்கு மனமே வரேல்லை. வெட்டின கூரையைத் திருப்பி ஒட்டிப் பத்தவைச்சு முடிச்ச பிறகு ரொன் ஏறி இருந்து பார்த்தார். தலை இடிச்சுது. "ஒண்டும் பிந்தேல்லை, உயர்த்தி விடட்டோ?" எண்டு ஆசையோட கேட்டன்.

"வேண்டாம். நாப்பது வருசம் பஸ்ஸில நிமிர்ந்து இருந்தனான். இனிக் கொஞ்சம் குனிஞ்சு ஓடுறன்."

தேசிக்காய்

ரோட்டில இறக்க முன்னம் சும்மா விடேலுமோ? என்ர மனுசி தேங்காய், கற்பூரம், தேசிக்காயோட கராஜுக்கு வந்தா. டெரிக்குக்குச் சரியான புழுகம். சந்தோசத்தில தானே குந்தியிருந்து ரயருகளுக்குக் கீழ தேசிக்காய் வைச்சார். நான் காரை மேல ஏத்தி நசிச்சன். மறைக்க மட்காட் இல்லையே, தேசிக்காய்ப் புளி முழுக்க அவற்ர மூக்குக்கண்ணாடியில.

மனுசி காரைச் சுத்திப் பார்த்தா. மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற், வெளிய தெரியிற எஞ்சின், மூடலில்லாத வெறும் சில்லு. "எப்பவப்பா வேலை முடியும்?" எண்டு கேட்டா. முடிஞ்சுது எண்டன். அவ குரலைத் தணிச்சா: "கோயிலில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, நீங்கள்தான் செய்தனீங்கள் எண்டு."

போத்தல்

கலியாணம் ஒரு சனிக்கிழமை. என்ர மூண்டு மாசமும் அண்டைக்குத்தான் முடியுது. காரைக் குடுக்க நானும் டெரிக்கும் போனம். ரொன்ர வீட்டு வாசலில கார் ரெண்டு தரம் இருமிப்போட்டு நிண்டிட்டுது. டாங்கியில இருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் இழுக்கிற பம்ப் செத்துப்போச்சு. அதைப் பூட்டினதும் நான்தான். அந்தக் காலத்து எஞ்சினுக்கு உடன பம்புக்கு எங்க போறது? கலியாணப் பொம்பிளை வெள்ளை உடுப்போட படியில நிக்குது. ரொன்ர முகத்தைப் பார்க்கேலாது. டெரிக் பார்த்த பார்வையில எனக்குப் பெற்றோல் ஷெட்தான் தெரிஞ்சுது.

அப்பத்தான் ஊர் மூளை வேலை செய்தது. சண்டைக்குள்ள பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்களெல்லோ நாங்கள்! சேலைன் போத்தலை உயரக் கட்டி, குழாயால எஞ்சினுக்குச் கிடைச்ச கொஞ்சப் பெற்றோலைச் சொட்டுச் சொட்டா விட்டுத்தானே முதல்ல ஸ்ராட் பண்ணினனாங்கள். ரொன்ர குசினியில ஒரு சோடாப் போத்தல் எடுத்து, எங்கட கராஜ் வானில இருந்த கானால பெற்றோல் நிரப்பி, முன்கண்ணாடிச் சட்டத்தில கட்டி, குழாயைக் கொழுவினன். எஞ்சின் உறுமிச்சுது. எனக்கு அழுகையே வந்திட்டுது. பொம்பிளை ஓடிவந்து, தன்ர பூச்செண்டில இருந்த ரிபனை அவிட்டுப் போத்தலுக்குக் கட்டிச்சுது. ரொன்னும் மகளும் முன்னுக்கு, நான் பெற்றோல் கானைக் கட்டிப்பிடிச்சபடி டிக்கி சீற்றில. வழியில ரெண்டு தரம் நிப்பாட்டி நிரப்பி, சேர்ச்சுக்கு நேரத்துக்கே போய்ச் சேர்ந்தம்.

பின்னால கராஜ் வானில வந்த டெரிக் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இண்டையோட மூண்டு மாசம் முடியுது" எண்டன்.

"எந்த மூண்டு மாசம்? திங்கட்கிழமை எட்டு மணிக்கு வா, பம்ப் பூட்டவேணும்."

ரொன் தந்த கலியாணப் படம், ரிபன் கட்டின போத்தலோட, இப்ப எங்கட ஹோலில தொங்குது. வாற ஆக்களையெல்லாம் அதுக்கு முன்னால நிப்பாட்டி "இதை முழுக்கச் செய்தது இவர்தான்" எண்டு சொல்லுறது, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்ட அதே மனுசிதான்.