கியா பார்மில் இரண்டு பிடி கடலை

காலை 9.40. மலாய் நாட்டு மலையூரான ரிங்லெட்டிலிருந்து குணாவின் வாடகைக் காரில் கிளம்பினேன். கியா பார்ம் காய்கறிச் சந்தை எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான்லா அண்ணே."

இருபது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில், பிரிஞ்சாங்குக்கு அப்பால் கடைசி மூன்று கிலோமீட்டருக்கே ஐம்பது நிமிடம் ஆனது. இங்குள்ள தமிழர்கள் எதையும் கொஞ்சம் என்றே சொல்கிறார்கள். முந்தைய நாள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் தட்டு நிறையச் சோறு வைத்தவரும் அப்படித்தான் சொன்னார்.

11.15. சந்தையில் லெட்சுமியின் வடைக் கடை. வடை ஒரு ரிங்கிட். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கணவர் கழுத்தைச் சொறிந்தார். உதடு வீங்கத் தொடங்கியது. மனைவி பையிலிருந்து ஒவ்வாமை ஊசியை எடுத்தார்.

"சட்னியில் நிலக்கடலை இருக்கிறதா? எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஊசி ஒன்றே ஒன்றுதான். மருத்துவமனை எட்டு கிலோமீட்டர் தள்ளி, அதே நெரிசலுக்கு அப்பால். துளிதான் என்றால் இப்போதைக்கு மாத்திரையோடு சமாளித்து, ஊசியைப் போகும் வழியில் போட வைத்துக்கொள்ளலாம் என்றார்.

லெட்சுமிக்கு ஆங்கிலம் போதாது. நான் தமிழில் கேட்டேன்.

"தேங்கா வரல அண்ணே. கச்சாங் கொஞ்சம்தான் போட்டேன்."

கச்சாங் என்றால் மலாயில் நிலக்கடலை. 'எ லிட்டில்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'எ பின்ச்' என்றால் சிட்டிகை. 'எ ஹேண்ட்ஃபுல்' என்றால் பிடி. எதைச் சொல்வது?

"கையால காட்டுங்கக்கா."

அவர் அந்த மனிதரின் உதட்டைப் பார்த்தார். கையை மூடிக் காட்டினார். மறுபடியும் மூடினார்.

"டூ ஹேண்ட்ஃபுல்ஸ்," என்றேன்.

மனைவி ஊசியைக் கணவரின் தொடையில் அழுத்தினார். குணா இருவரையும் ஏற்றிக்கொண்டு, விளக்கைப் போட்டபடி எதிர்த்தடத்தில் ஏறினார்.

லெட்சுமி சட்னியைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை மூன்று முறை கழுவினார். "கொஞ்சம்னே சொல்லியிருக்கலாம்ல? கடைய மூடிட்டா நான் எங்க போறது?" என்றார். வடை வாங்க வந்த இருவரைத் திருப்பி அனுப்பினார்.

1.05. குணா திரும்பினார்.

"உக்காந்து பேசுறாரு அக்கா. ஊசி போட்டது நல்லதாப் போச்சாம். அளவு கேட்டுக்கிட்டு நிக்கவே கூடாதுன்னு டாக்டர் அந்தம்மாவை ஏசிட்டாரு."

லெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, முட்டைக்கோஸ் பெட்டியின் அட்டையைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ்லயும் மலாய்லயும் பெருசா எழுதிக் குடுங்க. சட்னியில கச்சாங் இருக்குன்னு."

எழுதத் தொடங்கினேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம்னு போட்டுறாதீங்க, அண்ணே."