கரையைக் கடந்த பிறகும்

சுடலைமுத்து அண்ணாச்சி காலமான செய்தி, டோம்பிவிலி லோக்கல் ரயிலில் பையை நெஞ்சோடு அணைத்து நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்தது. மாரடைப்பாம். இறங்கித் திரும்பவும் வழியில்லாத கூட்டம். அழத் தெம்பில்லாமல் அப்படியே நின்றேன்.

மும்பை வானிலை ஆபீஸின் ரேடார் அறையில் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி எங்களுக்கு. நான் வசதியான மாட்டுங்காவில் வளர்ந்தவள், அவர் குடிசைகள் நெருங்கிய தாராவிக்காரர். நான் சேர்ந்த அன்றே, "மாட்டுங்கா அம்மா, தாராவி டீ குடிப்பியளா?" என்று சீண்டினார். அந்தக் கேலி கடைசிவரை ஓயவில்லை.

அரபிக்கடலில் புயல் உருவானால் பிடித்தது சனி எங்களுக்கு. ரேடார் படங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் புயலின் கண் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அண்ணாச்சி வடாபாவ் தின்ற விரலால் திரையிலேயே தொட்டுக் காட்டுவார். "ஐயோ, துடைக்கிறது நான்தானே!" என்று கத்துவேன். அந்த எண்ணெய்ப் பொட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் புயல் வந்த வழி தெரியும்.

ஒரு மே மாதப் புயல். அதன் கண் மும்பைக்குத் தெற்கே தரையைத் தொட்டதும், தாராவியிலிருந்த தம் அக்கா எசக்கியம்மாளுக்கு அண்ணாச்சி போன் செய்தார். "எக்கா, கரையைக் கடந்துட்டு."

செய்தியில் சொல்லும் சொல்தான். தரைக்கு வந்துவிட்டது, இங்கே காற்று இனிமேல்தான் வலுக்கும் என்பது அவர் கணக்கு. அக்காவோ புயல் கடந்து போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தவர் வீட்டைப் பார்க்கக் கிளம்பினார். சந்தில் ஒரு தகரம் பறந்து வந்து வலக்கையில் விழுந்தது. தையல் மிஷினை நம்பிப் பிழைத்தவர். உயிர் தப்பியது; விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

"ஆபீஸ் பேச்சை அவகிட்டப் பேசி, கையைக் கெடுத்துட்டேனே" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் அண்ணாச்சி அழுதார்.

அதன்பின் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு புயலுக்கும் அக்காவுக்கு இரண்டு போன். முதலில், "இன்னும் முடியலக்கா. நான் சொல்லுத வரைக்கும் வெளிய வராத." எல்லாம் அடங்கியதும், "முடிஞ்சுட்டு. வீட்டுக்குப் போ." காற்று நகரை எட்டாத நாளிலும் விடமாட்டார். எனக்கே அலுத்துப்போகும்.

"எத்தனை தரம் சொல்லுவேள், அண்ணாச்சி?"

"சொன்னா வாயா தேஞ்சிரும்?"

அவரைத் தகனம் செய்த சில நாட்களிலேயே அடுத்த புயல் வந்தது. பக்கத்து நாற்காலி காலி. எரியும் கண்களோடு தனியாகப் படங்களைப் பார்த்தேன். புயலின் கண் தரையைத் தொட்டதும் கை தானாகப் போனை எடுத்தது.

"அக்கா, அண்ணாச்சி ஆபீஸ்லேர்ந்து பேசறேன். இன்னும் முடியலை. நான் சொல்ற வரைக்கும் வெளியே வராதீங்கோ."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"முடிஞ்சதும் ரெண்டாவது போனும் போடுவியாம்மா?" என்று கேட்டார் அக்கா.

சாயங்காலம் காற்று அடங்கியதும் போட்டேன். அப்புறம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, அவர் பேச்சிலேயே சொன்னேன்.

"முடிஞ்சுட்டு, அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க."