மூன்று பாஷையில் ஒரு ‘வரேன்’

சூடம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கை இன்னும் எரிகிறது. இதில் ஒரு சொல் பொய் என்றாலும் இந்தக் கை விளங்காமல் போகட்டும். மலையின் பெயரை மட்டும் ஒண்டித்துர்க்கம் என்று மாற்றியிருக்கிறேன். அது பொய்யில் சேராது. நீங்கள் கிளம்பிப் போய்விடக் கூடாதே என்று செய்தது.

மற்றதெல்லாம் மாதேஷ் தன் வாயால் சொன்னது. நான் ஒரு கல் உப்புகூடச் சேர்க்கவில்லை.

மாதேஷ் பாகலூர்க்காரன். ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு என்று மாறி மாறி ஓடும் பிழைப்பு. அங்கே ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிப்டு ஆள் வந்து மிஷின் முன்னால் நிற்கும்வரை இவன் நகரக்கூடாது. அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். ரிலீவர் வராவிட்டால் இவனேதான் நிற்க வேண்டும். எத்தனை மணி நேரமானாலும்.

அவன் சம்சாரம் அனிதா, நாட்றாம்பாளையத்துப் பெண். அவளுக்கு ஒரே ஆசை, நாலு ஊர் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த காலண்டரில் மாசத்துக்கு ஒன்றாக, நாட்டில் பார்க்க வேண்டிய பன்னிரண்டு இடங்களைப் போட்டிருந்தார்கள். அதைச் சமையல்கட்டுக் கதவில் மாட்டியிருந்தாள். ஜனவரியில் ஹம்பி. பிப்ரவரியில் அஜந்தா. ஞாயிறு தவறாமல் இவனுக்கு ஓவர்டைம் வந்துவிடும். மாசம் முடிந்ததும் அவள் தாளைக் கிழிப்பாள்.

“ஹம்பி போச்சு,” என்பாள். “அஜந்தாவும் போச்சு.”

ஆகஸ்டுத் தாளில் தாஜ்மகால் இருந்தது. கடைசி ஞாயிறு அதிசயமாக லீவு.

“தாஜ்மகால் எங்க ஓடிப் போவுது? அது நிக்கும்,” என்றான் மாதேஷ்.

“அது நிக்கும். நான் நிக்கணுமே! மாடியில ஏறினா தெரியுதே ஒண்டித்துர்க்கம், அதுக்காச்சும் கூட்டிட்டுப் போங்க.”

காலை 8.40க்கு பைக்கை எடுத்தார்கள். 10.20க்கு அடிவாரம். அங்கே நாகம்மா என்றொரு அம்மாள் டீக்கடை வைத்திருக்கிறாள். டீயை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “உச்சி உருமத்துக்கு முன்ன எறங்கிடுங்க.”

உச்சி உருமம் என்றால் நடுப்பகல். நம் பக்கத்தில் பேய்க்கு ராத்திரி ஒரு ஷிப்டு, உருமம் ஒரு ஷிப்டு. மாதேஷ் சிரித்துவிட்டு ஏறினான்.

மலை உச்சியில் பழைய கோட்டை. பாதி இடிந்த மதில், பாசி மூடிய இரண்டு சுனை, கூரையில்லாத வெடிமருந்துக் கிடங்கு. வடக்கே ஓசூர்க் கம்பெனிகள் தீப்பெட்டி அடுக்கினாற்போல், அதற்கப்பால் கர்நாடகம். தெற்கே ஜவளகிரிக் காடு கருநீலமாய். அனிதா நாற்பத்தேழு போட்டோ எடுத்தாள். முகம் பூரித்துக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் இதைச் செய்யாமல் போனோமே என்று மாதேஷுக்கே வெட்கமாகிவிட்டது.

மணி 11.58. காற்று நின்றது.

12.05. சங்கு ஊதியது. கம்பெனியில் ஷிப்டு முடிந்தால் ஊதுமே, அதே சங்கு. ஊ... ஊ... ஊ...

“ஏங்க, ஞாயித்துக்கிழமை ஏது சங்கு?”

சத்தம் கீழேயிருந்து வரவில்லை. கோட்டைக்குள்ளிருந்து வந்தது.

இருவரும் வேகமாக வாசலுக்கு வந்தார்கள். ஏறும்போது காலியாக இருந்த வாசற்படியில் இப்போது ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை. இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு. மடியில் ஒரு தொப்பி.

“மணி என்ன?” என்றார்.

“பன்னெண்டு அஞ்சுங்கண்ணா.”

“இன்னும் ஆள் வரல.”

மாதேஷுக்கு மனசு இளகிவிட்டது. “ரிலீவர் வரலையாண்ணா? நமக்கும் இதே பொழப்புதான்.”

அனிதா மாதேஷின் கையைக் கிள்ளினாள். அவள் பார்த்த இடத்தை இவனும் பார்த்தான்.

தலைக்கு நேரே வெயில். இவர்கள் நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. அந்த ஆளின் நிழல் மட்டும் கிழக்கே, இரண்டு ஆள் நீளத்துக்குப் படுத்திருந்தது. சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் விழுமே... அந்த மாதிரி.

வேறொருவன் என்றால் ஓடியிருப்பான். மாதேஷ் மரியாதை தெரிந்தவன். அதுதான் வினை. நாம் யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம், இல்லையா? திரும்பாத போக்குக்கு அல்லவா அந்தச் சொல்!

“போய்ட்டு வரேண்ணா,” என்றான்.

அசைவில்லை. கன்னடக்காரரோ என்னவோ என்று, “ஹோகி பர்த்தினி அண்ணா,” என்றான். அதற்கும் அசைவில்லை. ஓசூர் வாய் சும்மா இருக்குமா? தெலுங்கிலும் சொன்னான்: “போயொஸ்தா அன்னா.”

மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.

அந்த ஆள் எழுந்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

“சரி. வா.”

கழுவி வைத்த பாத்திரம் மாதிரி தொப்பியைப் படியில் கவிழ்த்து வைத்தார்.

திங்கட்கிழமை 12.05. மிஷின் இரைச்சலுக்கு மேலே சங்கு கேட்டது. பக்கத்து மிஷின் சந்தோஷைக் கேட்டான்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே. ஒனக்கு ஊதுற சங்கா இருக்கும்டா,” என்று சந்தோஷ் சிரித்தான்.

செவ்வாய், நடுப்பகலில் வெளியே வந்தான். நிழல் ஒரு சாண் கிழக்கே நீண்டிருந்தது. புதன், ஒரு முழம். வியாழன் சந்தோஷே பார்த்துவிட்டான். “டே மாதேஷு... அதென்னடா ஒன் நிழலு...” மேற்கொண்டு பேசாமல் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.

வெள்ளி. சட்டையில் இரண்டாவது பொத்தானைக் காணோம். அனிதா தைத்துக் கொடுத்தாள். தைத்த ஊசியை எடுத்து வைக்கும் முன் மறுபடி காணோம்.

சனி 12.05. ஓடுகிற மிஷினை அப்படியே விட்டுவிட்டு மாதேஷ் நடந்தான். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மலை இருக்கும் திசைக்கு. சந்தோஷ்தான் ஓடிப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

“எங்கங்க போனீங்க?” என்று கேட்டாள் அனிதா.

“ஆளு காத்துக்கிட்டிருக்காரு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. “நீங்க வரேன்னு சொன்னீங்க. அவரு ரிலீவர் கெடச்சிட்டான்னு நம்பிட்டாரு.”

“எல்லாரும் சொல்றதுதானடி?”

“ஒரு பாஷையில சொன்னா மரியாதை. மூணு பாஷையில சொன்னா எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. சொன்ன வாயாலயே அழிக்கணும். போறேன்னு சொல்லுங்க.”

“அந்த வார்த்தையவா?”

“அதையேதான். மூணுலயும்.”

ஞாயிறு. 11.50க்குக் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். படியில் யாருமில்லை. தொப்பி மட்டும் இருந்தது.

அனிதா அவன் கையை விடவில்லை.

12.03... காற்று நின்றது.

12.05. ஊ... ஊ...

அவர் நின்றிருந்தார். தொப்பியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு. மாதேஷ் கீழே பார்த்தான். இரண்டு நிழல். இரண்டும் ஒரே நீளம்.

“வந்துட்டியா.”

மாதேஷின் கை தானாக எழுந்தது. அனிதா இழுத்துப் பிடித்தாள்.

“சொல்லுங்க.”

மாதேஷ் தொப்பியையே பார்த்தான்.

“சொல்லுங்க!”

“நான்... போறேன்.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

“ஹோக்தினி.”

ஒரு அடி முன்னால் வந்தார். தொப்பி மாதேஷின் நெஞ்சில் பட்டது. அந்த வெயிலில்... சில்லென்று.

“போத்தானு...”

காற்று வந்தது.

மாதேஷின் நிழல் சுருண்டு காலடிக்கு வந்தது.

“திரும்பாதீங்க. நடங்க.”

திரும்பவில்லை. நடந்தார்கள்.

1.10. நாகம்மா கடை. அனிதா டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். செப்டம்பர்த் தாளில் மைசூர் அரண்மனை.

“அடுத்த ஞாயிறு மைசூரு,” என்றான் மாதேஷ். “ஓவர்டைம் வந்தா கெடாசிருவேன்.”

“பாக்கத்தானே போறேன்,” என்றாள்.

பைக்கில் ஏறினார்கள். நாகம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

“வரேங்க்கா,” என்றான் மாதேஷ்.

பழக்கதோஷம். அனிதா பின்னாலிருந்து அவன் வாயைப் பொத்தினாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. அவன் முகமோ மலையைப் பார்த்திருந்தது.

1.25. மேலே எங்கோ... ஊ...

“கம்பெனிச் சங்குடி. பயப்படாத,” என்றான்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை.

அவ்வளவுதான் கதை. மாதேஷ் இதை எனக்குச் சொன்னது போன வாரம். சாவகாசமாக, மணி தவறாமல், ஒன்று விடாமல் சொன்னான். நல்ல பிள்ளை. கிளம்பும்போது நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

நாங்கள் உட்கார்ந்து பேசியது ஒண்டித்துர்க்கத்து வாசற்படியில். அவன் சொல்லி முடித்தபோது மணி 12.05. அவன் நிழல் கிழக்கே, இரண்டு ஆள் நீளத்துக்குப் படுத்திருந்தது.