புங்க எண்ணெயில் நிறுத்திய எஞ்சின்

எழுபதுகளில் டீசல் தட்டுப்பாடு வந்தபோது, தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் நானும் முனிரத்தினமும் பம்ப்செட் எஞ்சின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தோம். பக்கத்துப் பேத்தமங்களா விவசாயிகள் காலி கேனோடு வந்து புலம்புவார்கள். முனிரத்தினத்தின் மாமனார் பயிரும் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது.

“இன்னாப்பா இது, மரமெல்லாம் புங்கங்காயாத் தொங்குது, நாம டீசலுக்கு வரிசையில நிக்கிறோம்!” என்பான்.

பூதிகோட்டையில் கொட்டை வாங்கி, செக்கில் ஆட்டி, வடிகட்டி, ஒரு பழைய எஞ்சினில் ஊற்றினான். ஓடியது! ஒரே ஒரு சிக்கல். நிறுத்துவதற்கு முன் வால்வைத் திருப்பி, டீசலில் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் குளிரில் எண்ணெய் பைப்பிலும், எரிபொருளைத் தெளிக்கும் நாசிலிலும் உறைந்துவிடும்.

மாற்று எரிபொருளுக்கு அரசாங்கம் உதவும் என்று பேச்சு வந்ததும் மனுமேல் மனு போட்டான். பெங்களூரிலிருந்து ஒரு அதிகாரி பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் சரி என்று எழுதினால் பேத்தமங்களா பம்புகள் ஓடும்.

முந்தின நாள் சாயங்காலம் எஞ்சின் புங்க எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தபோது சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதியது. உள்ளே முனிரத்தினத்தின் தம்பி. முனிரத்தினம் செருப்புகூடப் போடாமல் ஓடினான். சிறிது நேரத்தில் தம்பி போய்விட்டான் என்று சேதி வந்தது. சுரங்கச் சாவு என்றால் எங்கள் தெருவில் மாவு மில்கூட ஓடாது. நானும் எஞ்சினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன்.

மறுநாள் மார்கழிக் குளிர். பிணம் எடுப்பதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. ஹேண்டிலைச் சுற்றினேன், சுற்றினேன், கை கொப்பளித்தது. எஞ்சின் கிளம்பவில்லை. டீசலுக்கு மாற்றாமல் நிறுத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“எண்ணெதான் சரியில்ல போலிருக்கு, இல்லையாப்பா?” என்றார் அதிகாரி.

மெக்கானிக்குக்கு எஞ்சினை நிறுத்தத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

“ஆமாங்க சார்,” என்றேன். அட பாவி, அந்த ஒரு வார்த்தை! எழுதிக்கொண்டு போய்விட்டார்.

காரியம் முடிந்து வந்த முனிரத்தினத்திடம் சொல்ல வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டான்.

“வுடுப்பா. தம்பியே போய்ட்டான், எண்ணெ கைவுட்டா இன்னா?”

மிச்சமிருந்த புங்கங்கொட்டை மூட்டையை அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டான். மாமனாரின் பயிர் கருகியது. முனிரத்தினம் சாகும்வரை எண்ணெயைத்தான் குறை சொன்னான். எனக்குச் சொல்லத் துணிவு வரவேயில்லை.

இன்று புங்க எண்ணெயைப் பற்றி அரசாங்கமே பேசுகிறது. தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, எஞ்சின் கிளம்பாவிட்டால், கடைசியாக அதை நிறுத்தியவனை முதலில் கேளுங்கள். அன்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொல்லியிருக்க வேண்டும்.